பழைய கார் வாங்கும்போது எந்த நாட்டுக் கிண்டலை நம்பலாம்?

ஐரோப்பாவில் பல காலமாகச் சொல்லிவரும் ஒரு நகைச்சுவை உண்டு. சொர்க்கத்தில் போலீஸ்காரர்கள் ஆங்கிலேயர்கள், சமையல்காரர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மெக்கானிக்குகள் ஜெர்மானியர்கள், காதலர்கள் இத்தாலியர்கள், எல்லாவற்றையும் நிர்வகிப்பது சுவிஸ்காரர்கள். நரகத்தில் சமையல் ஆங்கிலேயர்களிடம், போலீஸ் வேலை ஜெர்மானியர்களிடம், காதல் சுவிஸ்காரர்களிடம், நிர்வாகம் இத்தாலியர்களிடம், மெக்கானிக் வேலை பிரெஞ்சுக்காரர்களிடம்.

கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதன் கிளைக் கதைகள் எல்லாம் வெளியே வரும். பிரிட்டிஷ் கார் எண்ணெய் ஒழுகும், இத்தாலியக் கார் துருப்பிடிக்கும், பிரெஞ்சுக் கார் யாருக்கும் புரியாது, ஜெர்மன் காரைக் கழற்றத் தனி ஸ்பானர் வேண்டும், ஸ்வீடன் கார் பீரங்கி வண்டி, ஜப்பான் கார் ஓடிக்கொண்டே இருக்கும் ஆனால் உயிர் இருக்காது. இவை எனக்குப் பிடித்த கிண்டல்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான ஒரு காரணம் இருக்கிறது என்பதால் இன்னும் பிடிக்கும். ஆனால் பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறவர் இவற்றை அப்படியே நம்பி முடிவெடுத்தால் தவறான காரை வாங்கிவிடுவார்.

முடிவு எடுக்க வேண்டிய நிலைமை இதுதான். நீங்கள் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறீர்கள். வார இறுதியில் ஓட்ட, கையை அழுக்காக்கிக்கொண்டு நீங்களே பராமரிக்க, ஒரே ஒரு பழைய கார் வேண்டும். சட்டமும் ஓரளவு துணைக்கு வருகிறது: பிரிட்டனில் 40 வயது தாண்டிய காருக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், சாலை வரியும் கிடையாது, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஜெர்மனியில் 30 வயதைத் தாண்டி நல்ல நிலையில் இருந்தால் எண் பலகையின் கடைசியில் 'எச்' எழுத்து கிடைக்கும், வரி ஒரே தட்டையான தொகை. போட்டியில் நான் வைப்பவை: பிரிட்டனின் எம்.ஜி.பி, பிரான்ஸின் சிட்ரோயன் டிஎஸ், அதே நிறுவனத்தின் 2சிவி, இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா, ஜெர்மனியின் மெர்சிடிஸ் டபிள்யூ123, ஸ்வீடனின் வோல்வோ 240, ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்கக் கார்களை இதில் சேர்க்கவில்லை. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த, சாலைகள் நேராகவும் அகலமாகவும் இருந்த நாட்டுக்காகச் செய்த கார்கள் அவை. ஐரோப்பியத் தெருவில் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டுக் காரின் குணம் அந்த நாட்டு மக்களின் ரத்தத்திலிருந்து வருவதில்லை. வரி, சாலை, எரிபொருள் விலை, தட்பவெப்பம், தகடு கிடைத்ததா கிடைக்கவில்லையா, இவைதான் காரைச் செதுக்குகின்றன. இதற்கு நல்ல சாட்சி லாடா. இத்தாலியின் ஃபியட் 124 காரை உரிமம் வாங்கி, 1970-இல் சோவியத் ஒன்றியத்தின் தொல்யாட்டி நகரில் தயாரிக்கத் தொடங்கினார்கள். வரைபடம் இத்தாலியுடையது. ஆனால் அங்கிருந்த சாலைகளுக்காக உடல் தகட்டைத் தடிமனாக்கினார்கள், தரையிலிருந்து உயர்த்தினார்கள், பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள், குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய வழி வைத்தார்கள். வெளியே வந்த காரைப் பார்த்தவர்கள் 'ரஷ்யக்காரர்கள் செய்தது இப்படித்தான் இருக்கும்' என்றார்கள். அதன் தாய் வீடு ஃபியட்டின் ஊரான டுரின்.

கிழக்கு ஜெர்மனியின் டிராபன்டும் அப்படித்தான். அதன் வெளித்தகடுகள் பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் அழுத்திச் செய்த டூரோபிளாஸ்ட். எஃகுத் தகடு போதுமான அளவு கிடைக்காததால் வந்த தீர்வு அது. டிராபன்டின் மதிப்பை இரட்டிப்பாக்குவது எப்படி? டேங்கை நிரப்பு. பின் கண்ணாடியில் ஹீட்டர் எதற்கு? தள்ளும்போது கை குளிராமல் இருக்க. இந்தக் கிண்டல்களைச் சொல்பவர்களில் பலர், எல்லைக்கு அந்தப் பக்கம் அதே ஜெர்மானியர்கள் மெர்சிடிஸ் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே மொழி, ஒரே பொறியியல் மரபு. கையில் கிடைத்த பொருள்தான் வேறு.

சரி, இனி ஒவ்வொரு காராகப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் கார் என்றதும் எண்ணெயும் இருட்டும்தான் பேச்சில் வரும். 'அடியில் எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.' மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்ற பட்டம். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை: மங்கல், மினுக்கல், அணைவு. ஆங்கிலேயர்கள் ஏன் குளிராத பியர் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ். சென்னைக்காரர்களுக்குப் பாடி என்ற பகுதியில் உள்ள ஆலை வழியாக அறிமுகமான அதே பெயர்தான்; அந்த நிறுவனத்தோடு சேர்ந்துதான் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது.

எண்ணெய் ஏன் ஒழுகியது? அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் என்ஜின்களில், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக, தண்டிலேயே திருகு போல ஒரு வெட்டு. என்ஜின் சுற்றும்போது அந்த வெட்டு எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். என்ஜின் நின்றுவிட்டால் தள்ள யாருமில்லை, மிச்சம் கீழே சொட்டும். செலவு குறைவான, ஓடும்போது சரியாக வேலை செய்யும் ஏற்பாடு அது. மின்சாரக் கோளாறுக்கும் காரணம் கஞ்சத்தனமான வடிவமைப்புதான். வயர்களை இணைக்கும் குண்டு முனைகள் ஈரத்தில் பச்சை பூத்துப்போகும். ஆரம்பகால எம்.ஜி.பி-யில் ஹெட்லைட் சர்க்யூட்டுக்கு ஃபியூஸே கிடையாது. செலவைக் குறைத்துக் கொடு என்று கார் நிறுவனம் கேட்டது, லூகாஸ் கொடுத்தது.

எம்.ஜி.பி 1962-இல் வந்து 1980 வரை ஓடியது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதன் 1,798 சி.சி. என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பி.எம்.சி-யின் பி வரிசையைச் சேர்ந்தது. நம் அம்பாசிடரின் 1,489 சி.சி. என்ஜினும் அதே குடும்பம்தான். இரண்டிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒரே 88.9 மி.மீ. இதற்கும் வரியில் ஒரு வேர் உண்டு. 1940-களின் கடைசி வரை பிரிட்டனில் காருக்கான வரி சிலிண்டரின் குறுக்களவை வைத்துக் கணக்கிடப்பட்டது. அதனால் ஒல்லியான சிலிண்டர், நீண்ட ஸ்ட்ரோக் என்று என்ஜின் செய்து பழகிவிட்டார்கள். வரி போன பிறகும் அந்தப் பழக்கம் சட்டென்று போகவில்லை. அம்பாசிடரில் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாக இருந்ததற்கும், விரட்டினால் அது அலறியதற்கும் இதில் பங்கு இருக்கிறது. அம்பாசிடர் என்ஜினைப் பிரித்துப் பார்த்த எவருக்கும் எம்.ஜி.பி-யின் பானெட்டைத் திறந்தால் சொந்த ஊருக்கு வந்தது போல இருக்கும்.

கிண்டல் கேலி எல்லாம் கேட்டபின் எம்.ஜி.பி-யை ஒதுக்கிவிட வேண்டாம். இந்தப் பட்டியலில் உதிரிபாகம் கிடைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. 1988 முதல் முழு உடல்கூட்டையே புதிதாக அடித்து விற்கிறார்கள். மின்சாரக் கோளாறில் பெரும்பகுதி, வயர் முனைகளைச் சுத்தம் செய்து, எர்த் இணைப்புகளைச் சுரண்டி இறுக்கிக் கட்டினாலே தீர்ந்துவிடும். பயப்பட வேண்டியது எண்ணெயைப் பார்த்து இல்லை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டியைப் பார்த்து. அது மூன்று அடுக்குத் தகடு. வெளித்தகடு பளபளவென்று இருக்கும்போதே உள் தகடு தூளாகியிருக்கும். அதைச் சரிசெய்வது வெல்டர் வேலை, வார இறுதி வேலை இல்லை.

இப்போது பிரான்ஸ். நரகத்து மெக்கானிக்குகள் என்று பெயர் வாங்கியவர்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் டிஎஸ் வெளிவந்தது. முதல் நாளிலேயே 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள் என்பது கார் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. மற்ற கார்கள் எஃகு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்த காலத்தில், டிஎஸ் எண்ணெயின் மேலும் நைட்ரஜன் வாயுவின் மேலும் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எஃகு உருண்டை. அதன் உள்ளே நடுவில் ரப்பர் திரை. ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் திரவம். என்ஜினை ஸ்டார்ட் செய்தால் தரையோடு படுத்திருக்கும் கார், முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று மெல்ல எழுந்து நிற்கும். பிரேக், பவர் ஸ்டியரிங், பாதி தானியங்கியான கியர் மாற்றம் எல்லாம் அதே திரவத்தில்தான் ஓடின. பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் காளான் போல ஒரு ரப்பர் பொத்தான். அதை மிதிக்கக் கூடாது, பாதத்தால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் முதல் திருப்பத்திலேயே கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் கார் நின்றுவிடும்.

டயர் பஞ்சர் ஆனால்? உயரம் மாற்றும் நெம்புகோலை மேலே தள்ளுங்கள், கார் முழு உயரத்துக்கு எழும். பக்கவாட்டில் முட்டுக்கம்பியைக் கொடுங்கள். நெம்புகோலைக் கீழே தள்ளுங்கள். இப்போது சக்கரம் தானே தரையைவிட்டு மேலே போகும். பின் சக்கரத்தை மூடியிருக்கும் தகடு ஒரே ஒரு போல்ட்டில் கழன்று வரும். 1962 ஆகஸ்ட் 22-இல் பெட்டி கிளாமார் என்ற இடத்தில் பிரான்ஸ் ஜனாதிபதி ஜெனரல் டி கோலைக் கொல்லச் சுட்டார்கள். அவரது டிஎஸ்-இன் டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இவ்வளவு செய்தவர்கள் என்ஜினில் மட்டும் ஏன் பழைய சரக்கைப் போட்டார்கள் என்று கேட்காதவர் இல்லை. டிஎஸ்-க்குள் இருந்தது 1934-இல் வந்த டிராக்சியோன் அவான் காரின் வம்சத்தைச் சேர்ந்த 1,911 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின். ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். போருக்குப் பின் பிரான்ஸில் பெரிய என்ஜினுக்குக் கடுமையான வரி. அதில் பல ஆடம்பரக் கார் நிறுவனங்களே மூழ்கின. அதனால் பிரெஞ்சுப் பொறியாளர்கள் தங்கள் மூளையை என்ஜினில் செலவழிக்காமல் சஸ்பென்ஷனில் செலவழித்தார்கள். சாலையும் அதற்கு ஏற்றபடி இருந்தது: கல் பாவிய தெருக்கள், மேடு தட்டிய நீண்ட கிராமச் சாலைகள். 'பிரெஞ்சுக்காரர்கள் எதையும் விநோதமாகச் செய்வார்கள்' என்ற கிண்டலின் பின்னால் இருப்பது இந்த வரியும் இந்தச் சாலையும்தான். ரெனோ 4-இல் இடது பக்கச் சக்கர இடைவெளியும் வலது பக்கச் சக்கர இடைவெளியும் வேறு வேறு. கேட்டால் சிரிப்பு வரும். பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொடுக்கும் நீண்ட டார்ஷன் கம்பிகளை ஒன்றின் பின் ஒன்றாகக் காரின் குறுக்கே படுக்க வைத்தால், அகலம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம், பெட்டி வைக்கும் தளமும் தட்டையாகக் கிடைக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

டிஎஸ் வாங்கலாமா? அதைப் புரிந்த பட்டறை ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் மட்டும். 1966-க்குப் பிறகு வந்த, பச்சைத் தாதுத் திரவம் ஓடும் கார்களையே தேடுங்கள். அதற்கு முந்தைய சிவப்புத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவைக் கிளப்பிவிடும். இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் எல்லாம் போச்சு. உருண்டைகளில் நைட்ரஜன் மெல்லக் கசியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். இதெல்லாம் கடினமான வேலை கிடையாது, ஆனால் பழக்கமில்லாத கை பட்டால் நாசமாகும் வேலை.

அதே கண்காட்சியில், அதே நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த இன்னொரு கார் 2சிவி. 1948-இல் வந்தது. நிறுவனத் தலைவர் பியேர் ஷூல் பூலான்ஷே போருக்கு முன்பே கொடுத்த கட்டளை புகழ்பெற்றது: விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு 60 கி.மீ. வேகத்தில் போக வேண்டும், உழுத வயலைக் கடக்கும்போது கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. முதல் என்ஜின் 375 சி.சி., 9 குதிரைத் திறன். வைப்பர் ஓட மோட்டார் கிடையாது, ஸ்பீடோமீட்டர் கேபிளே அதையும் ஓட்டியது. கார் மெதுவாகப் போனால் வைப்பரும் மெதுவாகத் துடைக்கும். பின்னால் சுமை ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், ஹெட்லைட்டைத் தாழ்த்த உள்ளேயே ஒரு திருகு. இருக்கைகளைக் கையோடு கழற்றி எடுத்துப் புல்வெளியில் போட்டு உட்காரலாம். கடைசிக்கால 602 சி.சி. என்ஜின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்ப் பம்பு இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்கூட இல்லை. இல்லாத பாகம் கெட்டுப்போகாது. 1990-இல் போர்ச்சுகலில் கடைசி வண்டி வெளிவரும் வரை இதே எளிமைதான்.

இந்த இரண்டு கார்களையும் வடிவமைத்த தலைமைப் பொறியாளர் ஒருவரே, ஆந்த்ரே லெஃபெப்வ்ர். உருவம் கொடுத்த சிற்பியும் ஒருவரே, ஃப்ளாமினியோ பெர்டோனி. ஒரே நாடு, ஒரே நிறுவனம், ஒரே கைகள். ஒன்று அந்தக் காலத்தின் மிகச் சிக்கலான கார், இன்னொன்று மிக எளிய கார். 'பிரெஞ்சுக் கார் சிக்கலானது' என்ற வாசகத்தை நம்பி 2சிவி-யை ஒதுக்கியவர், பழுதுபார்க்க மிகச் சுலபமான காரை ஒதுக்கியிருக்கிறார்.

இன்னொன்று: பெர்டோனி பிரெஞ்சுக்காரர் இல்லை, இத்தாலியின் வரேஸே பகுதியைச் சேர்ந்தவர். பிரிட்டனின் பெருமையான மினி காரை 1959-இல் தந்த அலெக் இசிகோனிஸ் பிறந்தது இன்றைய துருக்கியின் இஸ்மிரில். அதற்கு முன் அவர் செய்த மோரிஸ் மைனரை இலங்கையில் அறியாதவர் குறைவு. 1974-இல் ஜெர்மன் ஒழுங்கின் அடையாளமாக வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் உருவம் இத்தாலியர் ஜியோர்ஜெத்தோ ஜுஜாரோவுடையது. மெர்சிடிஸின் வடிவமைப்புத் துறையை 1975 முதல் 1999 வரை நடத்திய புரூனோ சாக்கோ இத்தாலியின் ஊதினேயில் பிறந்தவர். இத்தாலிய ஆவேசத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும், ஆல்ஃபா ரோமியோவின் ஆல்ஃபாசுட் காரின் பொறியாளர் ருடோல்ஃப் ருஸ்கா வியன்னாக்காரர். நாட்டுக் குணம் ரத்தத்தில் வருவது என்றால் இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இத்தாலியத் துருவைப் பற்றிய கிண்டலுக்குக் காரணமானவற்றில் முதல் இடம் அந்த ஆல்ஃபாசுட்டுக்குத்தான். தெற்கு இத்தாலியில் வேலைவாய்ப்பைப் பெருக்க, நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோ தார்கோவில் அரசின் ஊக்கத்தோடு கட்டிய ஆலை அது. புதிய தொழிலாளர்கள், அடிக்கடி வேலைநிறுத்தம். தகட்டுக் குழாய்களுக்குள் போட்ட நுரை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஓட்டுவதற்கு அந்தக் காலத்துச் சிறிய கார்களில் அதற்கு ஈடில்லை, ஆனால் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அதனால் நான் ஜூலியாவைச் சொல்கிறேன். 1962-இல் வந்த நான்கு கதவுக் குடும்பக் கார், 1,570 சி.சி., இரண்டு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர். பார்க்கப் பெட்டி போலத் தெரிந்தாலும் காற்றுக் குகையில் வைத்துச் செதுக்கிய உடல். என்ஜின் பெரிதானால் வரியும் ஏறும், பெட்ரோலும் விலை அதிகம் என்ற நாட்டில், சின்ன என்ஜினிலிருந்து பெரிய வேலை வாங்கக் கற்றுக்கொண்டதன் விளைவு இது. வாங்குகிறவர் கவனிக்க ஒரு விஷயம்: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிப் பாருங்கள். கரகரவென்று உராய்ந்தால், கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அது இந்த வரிசை ஆல்ஃபாக்களின் பரம்பரை வியாதி, பொறுமையாக மாற்றும் ஓட்டுநர் கையில் நெடுநாள் தள்ளும். துரு மன்னிக்காது. வறண்ட பகுதியிலிருந்து வந்த கார் கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

ஜெர்மன் காரைப் பற்றிக் கிண்டல் என்று சொல்வதைவிடப் புகழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்: ஒழுங்கு, உறுதி, நகைச்சுவை உணர்வு பூஜ்யம். 1976 முதல் பத்து ஆண்டுகளில் சுமார் 27 லட்சம் டபிள்யூ123 கார்கள் செய்தார்கள். இதற்கு முந்தைய தலைமுறை 240 டி டீசல் ஒன்றைக் கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கி.மீ. ஓட்டி, மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆனால் 200 டி-யில் நூறு கி.மீ. வேகம் தொட அரை நிமிடம் ஆகும். நெடுஞ்சாலையில் லாரிகளின் நடுவே சேரும்போது அந்த அரை நிமிடம் மிக நீளம்.

இந்தக் காரில் என்னைக் கவர்ந்த ஒரு வினோதம் உண்டு. டபிள்யூ123 டீசலில் கதவுப் பூட்டுகளை ஒன்றாக இயக்குவது வெற்றிடக் குழாய்கள். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்துவதும் வெற்றிடம்தான். எல்லாம் ஒரே வலைப்பின்னல். அதனால் பின்கதவுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் திரை கிழிந்தால், சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். பானெட்டைத் திறந்து, நிறுத்தும் நெம்புகோலைக் கையால் அழுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் செய்திருந்தால் உலகம் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கும். ஜெர்மானியர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்பவர்கள் என்றால் 1967-இல் வந்த, என்எஸ்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆர்ஓ 80 காரையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கியது. ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதில் சுழலி சுற்றும் அதன் சுழல் என்ஜினின் சீல்கள் தேய்ந்து, என்ஜினை மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்துபோனது. எதிரெதிரே வரும் ஆர்ஓ 80 ஓட்டுநர்கள், இதுவரை எத்தனை என்ஜின் மாற்றினோம் என்று விரல்களை உயர்த்திக் காட்டி வணக்கம் சொல்வார்களாம்.

வோல்வோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் அங்கே கொண்டுவந்த நில்ஸ் போலின், அதற்கு முன் விமானங்கள் செய்த சாப் நிறுவனத்தில் விமானிகளை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்தவர். அந்தக் காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ திறந்துவிட்டது. எத்தனை உயிர் பிழைத்தது என்று நினைத்தால், 'ஸ்வீடன்காரர்கள் எப்போதும் விபத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள்' என்ற கிண்டல் எனக்கு மரியாதையாகவே படுகிறது. இருண்ட குளிர்காலம், பனி உறைந்த சாலை, குறுக்கே பாயும் கடம்பை மான் என்று வாழ்கிற மக்கள் வேறு எதை நினைப்பார்கள்? 240-ஐ 1974 முதல் 1993 வரை செய்தார்கள். 1980 முதல் 1987 வரை வந்த கார்களில் மட்டும் என்ஜின் வயர்களின் மேலுறை சூட்டில் பொடிப்பொடியாக உதிரும். வயர் கட்டு மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

ஜப்பான் காருக்கு உயிர் இல்லை என்றவர்களுக்குப் பதில் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5, 1960-களின் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை, அதாவது திறந்த கூரை இரண்டு இருக்கைக் கார்களை, ஆசையோடு படித்துச் செய்த கார். என்ஜினின் மேல்மூடிகூடப் பழைய இரட்டை கேம்ஷாஃப்ட் என்ஜின்களை நினைவூட்டும்படி வார்த்தது. சாவியைத் திருப்பினால் எடுக்கும், மழையில் நிற்காது, தரையில் சொட்டாது. இதிலும் துரு உண்டு, ஆனால் காரணம் மிக எளிது: துணிக்கூரைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்கும் வடிகால் துளைகளில் இலை அடைத்தால், தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள அந்த 'சில்' பெட்டியின் பின்பகுதிக்குள் இறங்கி அங்கேயே தங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை வளையும் கம்பி ஒன்றை விட்டுக் குத்திவிட்டால் போதும். முந்தைய சொந்தக்காரர் அதைச் செய்தாரா என்பதுதான் கேள்வி.

ஆக, யாருக்கு எது? தினமும் வேலைக்கு ஓட்டிப் போக வேண்டும், குழந்தைகளும் உண்டு என்றால் வோல்வோ 240. நீண்ட பயணம், அவசரமில்லை என்றால் டபிள்யூ123, அதுவும் 240 டி-க்குக் குறையாமல். காரின் அடியில் படுக்கவே விருப்பமில்லை, ஓட்டும் இன்பம் மட்டும் போதும் என்றால் எம்எக்ஸ்-5. முதல் பழைய காராக அதில் ஏமாற்றம் அடைந்தவர்கள் அபூர்வம். ஜூலியாவை இரண்டாவது பழைய காராகத்தான் வாங்க வேண்டும். டிஎஸ்-ஐ, பட்டறை பக்கத்தில் இருக்கிறவர் வாங்கட்டும்.

கேள்வி தொடங்கியபடி, நீங்களே பராமரிக்க ஒரே கார் என்றால், எம்.ஜி.பி-க்கும் 2சிவி-க்கும்தான் உண்மையான போட்டி. எம்.ஜி.பி-யில் உதிரிபாகம் அதிகம், நெடுஞ்சாலையில் தைரியமாகப் போகலாம், குரல் அழகு. நான் 2சிவி-யைத்தான் சொல்வேன். சக்கரத்துக்கு மேலுள்ள இறக்கைத் தகடு சில போல்ட்டுகளில் கழன்று வரும், நசுங்கிய தகட்டை மாற்ற வெல்டர் வேண்டாம். என்ஜினை ஓர் ஆள் துணையோடு கையால் தூக்கி வெளியே வைக்கலாம். ஒரு கார் எப்படி ஓடுகிறது என்பதை அடியிலிருந்து நுனி வரை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் இந்தப் பட்டியலில் இல்லை. 29 குதிரைத் திறன்தான். மேட்டில் லாரியோடு சேர்ந்து ஏற வேண்டியிருக்கும், மோதினால் பாதுகாப்பும் அந்தக் காலத்து அளவுதான். இதை ஏற்க முடியாதவர் வாங்கக் கூடாது.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துப்போங்கள். பெயின்ட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், முதலில் சேசிஸைப் பாருங்கள். ஓட்டுநர் கதவையும் பின் கதவையும் திறந்து மூடுங்கள். மேல்பக்க இடைவெளி கீழ்ப்பக்கத்தைவிட ஒடுங்கியிருந்தால் சேசிஸ் நடுவில் தொய்ந்திருக்கலாம். அடியில் படுத்து, தட்டையான அந்தப் பெட்டிச் சட்டத்தின் ஓரங்களை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு போட்ட புதிய சேசிஸ் மாற்றியிருந்தால் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருவதாகச் சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய்கள் பழைய ரப்பரா என்று பாருங்கள். இப்போது எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் வருவதால் பழைய ரப்பர் விரிசல் விட்டுக் கசியும், அந்தக் குழாய்களை வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, விற்பனைக்கு வரும் எண்ணிக்கை கோடையில் அதிகம், விலையும் அதிகம். நவம்பர், டிசம்பரில், கராஜில் இடமில்லாமல் தவிப்பவர்கள் விற்கும்போது பேரம் படியும். மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது என்பதும் தெரிந்துவிடும்.